கிணற்றடியில் தொடங்கிய தர்மம்

அய்யா துணை



"உலகத்தைத் திருத்த நாம் யார்? பணம் உண்டா, பதவி உண்டா, பெரிய படிப்பு உண்டா?" என்று கேட்பவர் பலர். இதற்கு விடை சுவாமித்தோப்பில் முத்திரிக்கிணற்றின் கரையிலே கிடக்கிறது.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன், தென்திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுக்கிணற்றில் தண்ணீர் கோர முடியாது. தலைப்பாகை கட்ட முடியாது. பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. அந்தக் காலத்தில்தான் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாருக்கும் பொதுவாக ஒரு கிணற்றை அமைத்தார். அதில் ஒன்றாகக் கோரிக் குளிக்கவும் குடிக்கவும், ஒன்றாக அமர்ந்து உண்ணவும் வைத்தார்.

கிணற்றை அமைத்தவர் அய்யா. அந்தத் தண்ணீரைக் கையேந்திக் குடித்தவர்கள் யார்? பனையேறிகள், வயலில் கூலிக்கு உழைத்தவர்கள், இன்று பேர்கூடத் தெரியாத சாதாரண மக்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்கு இடையிலும் அன்று மேல் கீழ் உண்டு. அடுத்தவன் கோரிய தண்ணீரைக் குடிக்க முதலில் வந்தவனுக்குக் கை நடுங்கியிருக்கும். சொந்தக்காரர் என்ன சொல்வாரோ, ஊர் ஒதுக்கி வைக்குமோ என்று நெஞ்சு பதறியிருக்கும். அவன் குடிக்காமல் திரும்பியிருந்தால் கிணறு இருந்திருக்கும், சமத்துவம் வந்திருக்காது.

இன்று முத்திரிக்கிணற்றில் பதமிடுவது எளிது. வீட்டு வாசலில்தான் சோதனை. பதியில் திருநாமம் தரித்துக் கண்ணாடி முன் நிற்கிறார் ஒரு அன்பர். அதே கண்ணாடி முன் அவர் வீட்டில் தென்னை ஏற வருபவரும் நிற்கலாம். இருவருக்கும் அது ஒரே உண்மையைத்தான் காட்டும். ஆனால் மறுநாள் அந்தத் தொழிலாளிக்கு முற்றத்தில் ஒரு தனி டம்ளர் என்றால், முந்தின நாள் கண்ணாடியில் பார்த்தது என்ன?

"ஒரு டம்ளரை மாற்றினால் உலகம் மாறிவிடுமா?" என்று கேட்கலாம். பேதத்தை அரசனின் ஆணை மட்டும் காத்து வைக்கவில்லை. ஒவ்வொரு வீடும் தன் முற்றத்திலே அதைக் காத்து வைத்தது. எந்தப் பிள்ளையும் பேதம் தெரிந்து பிறப்பதில்லை. யாருக்கு எந்த டம்ளர் என்று பார்த்துத்தான் அது படிக்கிறது. சிறு செயலால் வளர்ந்த தீமை, சிறு செயலால்தான் கரையும். ஒரே டம்ளரைப் பார்த்து வளரும் பிள்ளை, பேதத்தை வேறு எங்கே போய்ப் படிக்கும்?

தர்மயுகம் வரட்டும் என்று வேண்டுகிறவர் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலைக்கு வந்தவரை மரியாதையாக அழைத்து, வீட்டார் குடிக்கும் பாத்திரத்திலேயே தண்ணீர் கொடுத்து, தம்மோடு அமர்த்திச் சோறு போடலாம். இதற்குப் பணமும் பதவியும் தேவையில்லை. முதல் நாள் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அஞ்சிக் கை நடுங்கினால் நடுங்கட்டும். அந்த நடுக்கத்தோடுதான் முதல் மனிதன் முத்திரிக்கிணற்றில் நீர் அருந்தியிருப்பான்.

அய்யா உண்டு