ஒரு கொலை, பல வாய்கள்

கல்வியாண்டின் கடைசி நாள். பிள்ளைகள் பாலைக் குடித்து முடித்ததும் ஆசிரியை மொரிகுச்சி நிதானமாகப் பேசத் தொடங்குகிறார். பள்ளி நீச்சல் குளத்தில் இறந்து கிடந்த தன் நான்கு வயது மகள் தவறி விழவில்லை, கொன்ற இருவரும் இதே வகுப்பில்தான் இருக்கிறார்கள் என்கிறார். அந்த இருவரும் குடித்த பாலில் எச்.ஐ.வி. ரத்தம் கலந்திருப்பதாகவும் சொல்கிறார்.

14 வயது நிரம்பாத இவர்களைப் போன்றவர்களை ஜப்பானியச் சட்டம் குற்றவாளிகளாகத் தண்டிக்காது. தாய் தானே தண்டனையைக் கையில் எடுப்பது அதனால்தான்.

இந்தக் கதையைச் சொல்லும் ‘கொக்குஹாக்கு’ (வாக்குமூலம்), ஜப்பானிய எழுத்தாளர் மினாட்டோ கனாயேயின் முதல் நாவல்; வெளிவந்தது 2008இல். அவரும் ஒருகாலத்தில் மனையியல் ஆசிரியை. ஒரே சம்பவத்தை ஆசிரியை, வகுப்புத் தலைவி, கொலை செய்த சிறுவர்களில் ஒருவனின் தாய், அந்த இரு சிறுவர்கள் எனப் பலரின் வாயால் சொல்லவைக்கிறார்.

இவற்றில் நெஞ்சை அறுப்பது அந்தச் சிறுவனின் தாய் எழுதிய நாட்குறிப்பு. வீட்டில் அடைந்து கிடக்கும் மகன் குளிப்பதில்லை. ஆனால், தான் தொட்ட பாத்திரங்களை ஓயாமல் தேய்க்கிறான். மனநோய் என்று நினைக்கிறாள் தாய். அடுத்த அத்தியாயத்தில் மகன் பேசும்போதுதான் புரிகிறது: தன் நோய் அம்மாவுக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம்! கொலைகாரன் என்று நாம் வெறுத்த பிள்ளை அவன்.

இயக்குநர் நகாஷிமா டெட்சுயா 2010இல் இந்த நாவலைப் படமாக்கினார். ஜப்பான் அகாடமியின் சிறந்த பட விருதும் கிடைத்தது. படத்தைப் பார்த்தவர்களும் அந்த இரண்டு அத்தியாயங்களை அடுத்தடுத்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள்.