குடத்துள் புகாத ஓலை



தான் யார் என்பதை மறந்த ஒருவன் வகுக்கும் நீதி, நடுவுநிலை பிறழாத நீதி ஆகிவிடுமா? இவ்வினாவை இன்று சிந்திப்போம்.

அமெரிக்க அறிஞர் ஜான் ரால்ஸ் 1971ஆம் ஆண்டு வெளியிட்ட நீதி பற்றிய நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். சமுதாயத்திற்கு விதி வகுப்போர், அதில் தாம் செல்வரா வறியரா, வலியரா மெலியரா என்பதை அறியாத நிலையில் நின்று வகுக்க வேண்டும் என்றார். வாசுதேவநல்லூர் உழவர்க்கு இதனை விளக்குதல் எளிது. தன் வயல் தலைமடையில் உள்ளதா, கடைமடையில் உள்ளதா என்று அறியாதவன் குளத்து நீருக்கு முறை வகுத்தால், கடைமடை காயும்படி வகுப்பானா? வகுக்கமாட்டான்.

ஆயினும் அறியாமை மட்டும் போதுமா? முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. அவ்வூரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். ஏதும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரை விலக்கினர். போற்றத்தக்க முறையே! சிறுவனின் கை எவர் பக்கமும் சாயவில்லை.

ஆனால் குடத்துள் புகுந்த ஓலைகள் எவருடையவை? 35 முதல் 70 வரை வயதுடைய, பொதுவாகக் கால் வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் கொண்ட, மறைநூல் கற்றோருடையவை. அந்நிலத்தை உழுத கூலியாளின் ஓலை அதில் இல்லை. எடுத்த கை அறியாமையால் நேர்மை காத்தது. குடத்தை நிரப்பிய கைகளோ தம்மை நன்கு அறிந்தே நிரப்பின.

அறியாமை வினைக்கட்டின் வேர் என்பது அருகனறம். அதனிடம் நீதியை எதிர்பார்த்தல் தகுமா? சாமாயிகத்தில் அமர்வோர் 48 நிமிடம் 'யான்', 'எனது' என்னும் பற்றை விடுகின்றனர். அது அறியாமையன்று, ஓரறிவுயிர் முதலாக எல்லா உயிர்க்கும் துன்பம் ஒன்றே எனத் தெளியும் நல்ஞானம். நாற்கதிகளுள் அடுத்த பிறவி எதுவென நாம் அறியோம். ரால்ஸ் கற்பித்துக்கொண்ட நிலை நமக்கு மெய்ந்நிலையே. எனினும், அதற்கு அஞ்சிச் செய்யும் நீதி தன்னலத்தின் நிழலாகும். பிற உயிரின் வலியை உணர்ந்து செய்வதே அறம்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலைக்குச் சென்று பாருங்கள். தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே, அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர் பெயர்களும் ஆண்களின் பெயர்களோடு அதே பாறையில் நிற்கின்றன. அங்கு எவரும் தம் பெயரை மறைக்கவில்லை; பெயர் அறிந்தும் இடம் மறுக்கப்படவில்லை.

ஆகவே, கூலி பேசும்போதும், நீர்முறை வகுக்கும்போதும், நம் ஆலயக் குழுவைத் தேர்ந்தெடுக்கும்போதும், ஓலையை எடுப்பது யார் என்று கேட்குமுன், குடத்துள் எவர் ஓலை விடுபட்டது என்று தேடுவோமாக. சாமாயிகம் முடிந்து எழுந்தபின் செய்யவேண்டிய சாமாயிகம் அதுவே.

அறம் வெல்க!