பதினெட்டு வயதுக்குப் பின்

தெருவில் வளரும் பிள்ளைக்கு அன்னமிடுவது புண்ணியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அன்னத்தோடு நம் கடமை தீர்ந்ததா என்பதே கேள்வி.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை எண்ணிப் பார்ப்போம். ஈன்ற தாய் விட்டகன்றாள், பசு பாலூட்டியது, இளம்பூதி எடுத்து வளர்த்துக் கல்வியும் தந்தான். அவ்வளர்ப்புத் தந்தையே பின்னர் மனையினின்று விலக்கினான். கண்ணிலார்க்கும் காலிலார்க்கும் இட்டு, மிஞ்சியதையே தான் உண்டவன் அவன்.

வளர்த்த வீடே கதவடைப்பது இன்றும் நிகழ்கிறது. காப்பகத்துப் பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்தால் வெளியேற வேண்டும். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 21 வயது வரை பின்காப்பைக் கருதுகிறது. பொருளுதவியோ ‘அளிக்கப்படலாம்’ என்கிறது. அந்த ‘லாம்’ எத்தனை பிள்ளைகளை நழுவ விடுமோ!

புனே நகரத்து ஔந்தில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. இத்தகைய நிலையங்களில் பதினான்கு வயது நிறைந்தோர் சேரலாம். ஆனால் தொழிலுக்கேற்ப எட்டாம் அல்லது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ரயிலடியில் உறங்குபவனிடம் பிறப்புச் சான்றே பெரும்பாலும் இராது. ஆகவே அவனது சுயஜீவனம் பட்டறையில் அன்று, பள்ளிப் பதிவேட்டில் தொடங்குகிறது. அதற்கு ஒருவர் ஆண்டுக்கணக்காக உடனிருக்க வேண்டும்.

‘இனித் தன் காலில் நிற்கட்டும்’ என்பாரும் உளர். நம் மக்கள் வேலையிழந்தால் இருபத்தைந்து வயதிலும் வீடு திரும்புகின்றனர்; அதனை நாம் பிச்சை என்பதில்லை. காய்ச்சல் கண்ட நாளில் அப்பிள்ளை எந்தத் திண்ணைக்குத் திரும்புவான்? வாடகை அறைக்கு அவன் பொருட்டு ஜாமீன் நிற்க நம்முள் எவர் முன்வருவார்?