வளர்த்துக் கொல்லும் அறம்

கொல்வதற்கென்றே ஓர் உயிரைப் பெருந்தொகையாக வளர்ப்பது அறமாகுமா? கொல்லாமைக்குத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவரைப் பயிலும் நம் மாணவர், விலங்கியற் பாடத்தின்போது இவ்வினாவை எழுப்புவது இயல்பே. விடைதான் எளிதன்று.

தேயிலை இலைகளை நூலாற் பிணைத்து, உள்ளிருந்து தின்னும் இலைச்சுருட்டிப் புழு ஒருகாலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் அதனை அடக்குதற்கு 1935-36இல் யாவாவிலிருந்து மக்குரோசென்றஸ் என்னும் சிறு குளவியைக் கொணர்ந்தனர். அக்குளவி இளம்புழுவின் உடலுள் முட்டையிடும். வெளிப்படும் குடம்பி, புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். ஆதலின், குளவியைப் பெருக்க விரும்புவோன் முதலிற் பகையாகிய புழுவையே பேணிப் பெருக்க வேண்டும். இலை ஊட்ட வேண்டும். சூடும் ஈரமும் பார்க்க வேண்டும். தாய்கூட இத்துணைக் கணக்குப் பார்ப்பாளோ என்று தோன்றும். இக்கவனத்தின் முடிவோ கொலை.

இக்கொலையை விலக்கிவிட்டால் நம் கை தூய்மையாகிவிடுமா? 1950களிலிருந்து, தண்டு துளைக்கும் வண்டினை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தோட்டங்களில் தெளிக்கப்பட்டது. குளவியும் அந்நஞ்சால் மடிந்தது. அடங்கியிருந்த இலைச்சுருட்டிப் புழு மீண்டும் பெருகிற்று. உயிருடலின் கொழுப்பில் நெடுங்காலம் தங்கும் அந்நஞ்சை, 2001ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்கப்பட வேண்டியவற்றுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அதைத் தெளித்த கை தொழிலாளியின் கை. ஆய்வுகூடத்துப் புழுவுக்கு இரங்கும் நெஞ்சு, அவன் மூச்சிற் கலந்ததை எண்ணிற்றா? கொலையைக் கண்ணுக்கு மறைவான இடத்துக்கு அனுப்பிவைப்பதைக் கொல்லாமை என்று நான் கொள்ளேன்.

ஆயின், "பயன் உண்டு" என்ற ஒரு சொல்லால் வழக்கை முடித்துவிடுவதும் தகாது. பயனுக்காக மட்டும் உயிரைப் பேணும் கணக்கு இம்மலைகளுக்குப் புதியதன்று. லயத்துக் காம்பராவும், அளந்து கொடுத்த அரிசியும், பிள்ளைக் காம்பராவும் 'நலன்' என்னும் பெயரிலேயே வழங்கப்பட்டன. பேணியவன் நோக்கம், பேணப்பட்டவனின் வாழ்வன்று. மறுநாட் காலையில் அவன் மலைக்கு வருவதே. மனிதனையும் புழுவையும் ஒரே தட்டில் நிறுத்துவதாக எவரும் கருதற்க. வேறுபாடு பெரிது: மனிதன் கேட்பான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளர் கேட்டனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிர்நீத்தார். அவர்கள் கேட்டது துரையின் பரிவை அன்று, உழைப்பின் விலையை.

புழு கேளாது. அதன் பொருட்டு நாம்தான் கேட்க வேண்டும்: எவருக்காக இச்சாவு? ஒரு மில்லிமீற்றர் நீளமேயுள்ள எலிகன்ஸ் என்னும் நூற்புழுவை உலகத்து ஆய்வுகூடங்கள் கோடிக்கணக்கில் வளர்க்கின்றன. அதன்வழி உயிரணுக்களின் பிறப்பையும் இறப்பையும் கண்டறிந்த மூவர்க்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வறிவு எந்நாட்டு மாணவனும் படிக்கத்தக்க பொதுவுடைமையாயிற்று. குளவி காத்துத் தந்த கொழுந்தோ விலைக்குப் போயிற்று. அவ்விலையில் கொழுந்து கொய்தவளின் நாட்பேருக்கு எத்தனை சதம் சேர்ந்தது என்ற கணக்கைக் காணாமல், புழுவைக் கொன்றது தகுமென்றோ தகாதென்றோ தீர்ப்புரைக்க நான் உடன்படேன்.