விரைவும் அறமும்

சாலையில் நாம் செல்லும் வேகத்திற்கும் நம் ஆன்ம வாழ்வுக்கும் தொடர்பு உண்டா? விரைந்து சென்று பிறர் உயிருக்கு ஊறு விளைத்தால் அது பாவம் என்பதை எல்லாரும் ஏற்பர். ஊறு நேராதவரை வேகம் அவரவர் விருப்பம் என்பதே பொதுவான எண்ணம். எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறதே என்றால், "என் வண்டி, என் பணம்" என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. அந்த விடை போதுமானதா என்பதை இங்குச் சிந்திப்போம்.

முதலில் இயற்கையின் கணக்கைக் காண்போம். ஓடும் கார் இரண்டு தடைகளை வெல்ல வேண்டும். ஒன்று, சக்கரங்கள் தரையில் உருள்வதால் எழுவது. இது வேகத்தால் பெரிதும் மாறுவதில்லை. மற்றொன்று காற்றின் எதிர்ப்பு. இது வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்கிறது. தஞ்சையிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வழியில் நிற்காமல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம். மிச்சம் அரை மணி. ஆனால் வேகம் ஒன்றரை மடங்காகும்போது காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகிறது. மொத்த எரிபொருள் அதே அளவு பெருகாது என்றாலும், அந்த அரை மணிக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று.

அதற்காக ஊர்ந்து செல்வதும் சிக்கனமாகாது. கீழ்க் கியரில் தவழும் வண்டி, எஞ்சினைச் சுழல வைப்பதற்கே எரிபொருளை வீணாக்கும். மிகைக்கும் குறைக்கும் நடுவே ஓர் அளவு உண்டு. 1978இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தை நம் ஓட்டுநர்களுக்குப் பரிந்துரைத்து வந்துள்ளது. நற்பண்பு என்பது அறிவு காட்டும் நடு அளவில் நிற்பது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்ததை இங்கு நினைவுகூரலாம்.

இனி, "என் பணம்" என்ற வாதத்திற்கு வருவோம். மண்ணுலகின் பொருள்களைக் கடவுள் மாந்தர் அனைவரின் பயனுக்காகவே படைத்தார் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாக உரைத்தது. விலை கொடுத்தவர் ஒரு பொருளைப் பயன்படுத்தலாம். வீணாக்கும் உரிமையை அந்த விலை தருவதில்லை. காவிரிப் பாசனத்தில் வாழ்வோருக்கு இதை விளக்க நீண்ட உரை வேண்டியதில்லை. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கும் ஆண்டுகளில் நீர் கல்லணைக்கு வந்து, ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து, கடைமடையைச் சேர்வதற்குள் எத்தனை வயல்களைக் கடக்கிறது! தலைமடையில் இருப்பவர் தேவைக்கு மேல் பாய்ச்சினால் கடைமடைப் பயிர் கருகும். "மதகு என் வயலோரம் இருக்கிறது" என்று அவர் சொன்னால் ஊர் ஏற்குமா? எண்ணெயைப் பொறுத்தவரை இன்று வாழும் நாம் தலைமடை. பிறக்கவிருக்கும் தலைமுறைகளே கடைமடை. காவிரிக்காவது மீண்டும் மழை உண்டு. எரித்துத் தீர்த்த எண்ணெய் திரும்புவதில்லை.

இவ்வுண்மை நம் வயல்களுக்கு அடியிலும் இருக்கிறது. நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. எனவே உள்நாட்டில் எங்கே கிடைக்கும் என்ற தேடல் ஓய்வதில்லை. நரிமணத்தில் எண்ணெய் எடுத்தார்கள். நாகைக்கு அருகே பனங்குடியில் 1993இல் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. 2017 ஜூன் இறுதியில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது மக்கள் திரண்டு போராடினர். 2020இல் தமிழகச் சட்டமன்றம் காவிரிப் பாசனப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை விதித்தது. நாம் மகிழ்ந்தோம், அது நியாயமே. ஆனால் நம் வயலில் எண்ணெய்க் கிணறு கூடாது என்று கேட்ட நாமே, எவருடைய மண்ணிலிருந்து வந்தாலும் சரி என்று எண்ணெயை அளவின்றி எரிக்கலாமா? எங்கோ ஒரு கதிராமங்கலம் நமக்காகப் பொறுத்துக்கொள்ளட்டும் என்பதல்லவா அதன் பொருள்?

விரைவே தீது என்று நாம் சொல்லவில்லை. மங்கள வார்த்தை கேட்ட மரியன்னை மலைநாட்டுக்கு விரைந்தே சென்றார் என்று புனித லூக்கா எழுதுகிறார். அவர் விரைந்தது எலிசபெத்துக்காக. பேறுகால வேதனையில் இருப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்பவரின் வேகமும் அன்பின் வேகமே. மேலும், கூலிக்கு வண்டி ஓட்டுபவரின் வேகத்திற்கு, இயலாத நேரத்தைக் குறித்துக்கொடுத்து அவரை விரட்டுபவரும் பொறுப்பாவார். யாருக்காக விரைகிறோம் என்பதே கேள்வி.

சட்டம் இதைச் சரிசெய்யாதா? 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்கா மறு ஆண்டே நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாக, அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டராகக் குறைத்தது. பலரும் அதை மீறினர். 1995இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அச்சத்தால் வந்த அடக்கம் அச்சம் நீங்கியதும் போய்விடுகிறது. அயலார்மீதுள்ள அன்பால் வரும் தன்னடக்கமே நிலைக்கும்.

ஆகஸ்ட் 29இல் கொடியேறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவியுடுத்தி நடந்தே வருவோரை ஆண்டுதோறும் சாலையோரத்தில் காண்கிறோம். நம்மில் பலருக்கு அவ்வாறு நடக்க இயலாது, வண்டியில்தான் செல்வோம். அரை மணி முன்னதாகப் புறப்படுவது நம் எல்லாருக்கும் இயலும். அந்த அரை மணியில் குடும்பமாகச் செபமாலை சொல்லிக்கொண்டு செல்லலாம். சாலையோரம் நடப்பவரும் அச்சமின்றி நடப்பர்.