ஆசையைத் தள்ளிவைக்கும் வேலை

வேதியியல் முடித்த மாணவர்கள் பலர் இப்போது தடய அறிவியலுக்குப் போக விரும்புகிறார்கள். “குற்றவாளியைக் கண்டுபிடிக்கணும் சார்” என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் வேகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ஆசையோடு ஆய்வகத்துக்குள் போகக் கூடாது என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன். சிலருக்கு முகம் வாடிவிடுகிறது.

வேலையில் பெரும்பகுதி ஜாடிகளோடுதான். பிரேதப் பரிசோதனையில் எடுத்த இரைப்பை, ஈரல், சிறுநீரகத் துண்டுகள் உப்புக் கரைசலில் மூழ்கி, அரக்கு முத்திரையோடு வந்து சேரும். ஃபார்மலினில் போட்டால் நஞ்சைப் பிரித்தறிவது கடினமாகிவிடும், அதனால்தான் உப்பு. முத்திரை உடையாமல் இருக்கிறதா, தனியே அனுப்பிய மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மூடியைத் தொட வேண்டும். சென்னையில் இந்த வேலை 1849இலேயே ரசாயனப் பரிசோதகர் ஆய்வகமாகத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் அதுதான் முதல். இன்றும் நம் கிராமங்களில் பூச்சிமருந்து குடித்து இறப்பவர்களுக்குக் குறைவில்லை. அந்த ஜாடிகளுக்கு முன்னால் பொறுமையாக நிற்கத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலுக்கு வேண்டும்.

பொறுமையைப் பழகிக்கொள்ளலாம். மனம் சாயாமல் இருப்பதுதான் கடினம். கல்யாணமாகிச் சில மாதத்தில் இறந்துபோன பெண்ணின் ஈரல் இது என்று கூட வந்த கடிதம் சொன்னால், யாருக்குத்தான் மனம் ஒரு பக்கம் போகாது? போகாதவரை நான் நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நஞ்சு இல்லையென்றால் ‘கண்டறியப்படவில்லை’ என்றுதான் எழுதியாக வேண்டும். அந்தப் பெண்ணின் தாய் அதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுத வேண்டும். இரக்கத்தை விட்டுவிடாமல், அது கையெழுத்தைத் தொடாமலும் பார்த்துக்கொள்வது எப்படி? இத்தனை வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இதற்குச் சுலபமான விடை கிடைக்கவில்லை.

2004 மார்ச்சில் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டு வெடித்தது. வெடிப்பிகள் இருந்த பிளாஸ்டிக் பையில் கிடைத்த ஒரு விரல்ரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். பொருந்தவில்லை என்று ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே தெரிவித்திருந்தது. அப்படியும் மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். அவர் தரப்புக்காகப் பார்த்த நிபுணரும் பொருந்துகிறது என்றே சொன்னார்! அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் அடையாளம் காட்டிய பிறகுதான் அவர் விடுதலையானார். அந்த நிபுணர்கள் யாரும் திறமை குறைந்தவர்கள் இல்லை. முதலில் ஒருவர் ‘இவர்தான்’ என்று சொன்னதும், அடுத்தவரின் கண் அதே புள்ளிகளைத் தேடத் தொடங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. மாணவர்களிடம் நான் அதிகம் சொல்வது அதைத்தான். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டுவிட்டான். முதல் கொலையும் அவன் செய்ததுதான் என்று நிரூபிக்கவே போலீஸ், மரபணு ரேகையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரீஸிடம் போனது. இரண்டையும் செய்தவன் ஒரே ஆள், ஆனால் இந்தப் பையன் இல்லை என்று ஜெஃப்ரீஸின் சோதனை சொன்னது. உண்மையான கொலையாளி 1988இல் தண்டனை பெற்றான். டி.என்.ஏ. சோதனை குற்ற வழக்கொன்றில் செய்த முதல் காரியமே நிரபராதியை விடுவித்ததுதான். ஜெஃப்ரீஸ் போலீஸின் விருப்பத்துக்கு ஒத்துப்போகும் மனிதராக இருந்திருந்தால்?

இந்தியாவில் 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதைக் கட்டாயமாக்குகிறது. ஆட்கள் நிறையத் தேவைப்படுவார்கள். ஆய்வகத்தில் இருப்பவருக்கு வழக்கின் கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. நஞ்சு தேடுபவருக்கு வீட்டில் எந்த மருந்து டப்பா கிடந்தது என்று தெரிந்தால்தான் எங்கே தொடங்குவது என்று புரியும், அதைச் சொல்லலாம். விரல்ரேகையை ஒப்பிடுபவருக்குச் சந்தேக நபரின் மதம், ஊர், பழைய வழக்கு எதுவும் தேவையில்லை. இரண்டாவதாகச் சரிபார்ப்பவருக்கு முதலாமவர் எழுதிய முடிவும் தெரிய வேண்டியதில்லை.