ஏட்டில் எழுதினால் நீதியாகிவிடுமா?

"சட்டம் சொல்கிறது!" என்றொரு குரல் எழுந்ததும் வாய்பொத்தி நிற்பது உலகெங்கும் உள்ள பழக்கம். சொல்கிற சட்டம் நியாயத்தைச் சொல்கிறதா என்று கேட்பவன் குழப்பக்காரன் எனத் தூற்றப்படுகிறான். அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம், தோழர்களே! விடை தேட, ஜெர்மனியின் வரலாற்றைப் புரட்டுவோம்.

1794இல் பிரஷ்ய அரசு பொதுச் சட்டத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. 19,000க்கும் மேற்பட்ட விதிகள்! ஆனால், உயர்குடியான், நகரத்தான், உழவன் என்று பிறப்பு வகுத்த வேலிகள் அப்பேரேட்டிலும் அப்படியே நின்றன; ஒவ்வொருவனுக்கும் வேறுவேறு உரிமை. அநீதி அழியவில்லை; அச்சேறியது, அவ்வளவே!

1814இல், ஜெர்மானியர் அனைவர்க்கும் ஒரே உரிமைச் சட்டம் வேண்டும் என்று ஹைடெல்பர்க் பேராசிரியர் திபோ எழுதினார். அரசுக்கு அரசு சட்டம் மாறிக் கிடந்த காலம் அது. பெர்லின் பேராசிரியர் சாவினி மறுத்தெழுதினார்: சட்டம் மொழியைப் போல மக்கள் வாழ்விலிருந்து தானே வளர்வது; அறிவாளர் அமர்ந்து ஆக்கித் தருவதன்று; தொகுக்கும் தகுதி இந்தக் காலத்திற்கு இல்லை! பழமையின் காவலர் பேசும் இந்தப் பேச்சை எந்த நாட்டில்தான் நாம் கேட்கவில்லை? மக்கள் வாழ்வில் விளைவது சட்டம் என்றவர், வாழ்நாளெல்லாம் மூழ்கிக் கிடந்ததோ பழைய ரோமானியரின் சட்டத்தில்! பெரும்புலவர்தான், மறுக்கவில்லை. எனினும், அவர் வாதம் வென்றதால், திபோ கேட்டது கிடைக்க எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1896இல் நிறைவேறி, 1900 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது ஜெர்மன் உரிமையியல் சட்டம். 2,385 பிரிவுகள். பிறந்த மனிதன் எவனும் உரிமைக்கு உரியவன் என்பது முதற்பிரிவின் பொருள். எவ்வளவு உயர்ந்த தொடக்கம்! ஆனால், அதே ஏட்டின் 1354ஆம் பிரிவோ, மணவாழ்வின் பொதுக் காரியங்கள் அனைத்திலும் முடிவு கணவனுடையது என்றது. முதற்பக்கத்தில் மனிதர், உள்ளே புகுந்தால் ஆண்டானும் அடங்கியவளும்!

பிறகு வந்தது 1933. மார்ச் 23இல், நாடாளுமன்றத்தைக் கேளாமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தை இட்லரின் அமைச்சரவைக்கு நாடாளுமன்றமே வழங்கிற்று. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்த அனைவரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்களோ அவைக்குள் நுழையவே முடியாதபடி சிறையிலும் தலைமறைவிலும் இருந்தனர். வாக்கெடுத்து, எண்ணி, அரசிதழில் அச்சிட்டு அரங்கேறிய கொடுங்கோன்மை அது! 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. உரிமையியல் சட்டத்தின் முதற்பிரிவு அப்போதும் ஏட்டில் இருந்தது. யூதருக்குக் காவலாகத்தான் இல்லை. "நல்லொழுக்கம்", "நன்னம்பிக்கை" என்று அச்சட்டத்தில் இருந்த பொதுச் சொற்களுக்குப் புதுப்பொருள் ஊற்றித் தீர்ப்பளித்தனர் நீதிபதிகள் பலர்.

அப்படியானால், எழுதிய சட்டமே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். அதே 1935இல் குற்றவியல் சட்டத்தையும் திருத்தினர்: சட்டத்தில் குற்றமென்று குறிக்கப்படாத செயலையும், "மக்களின் நலமான உணர்வு" தண்டனைக்குரியது என்று கருதினால் தண்டிக்கலாம் என்று! சாவினி கனவிலும் கருதாத கொடுமைதான். ஆயினும், ஏட்டில் இல்லாத "மக்கள் உணர்வு" எவன் கைக்கு வாளாகும் என்பதை அது காட்டிற்று. எழுத்து போதாது, எழுத்தின்றியும் ஆகாது.

வைமார் குடியரசில் நீதியமைச்சராயிருந்து, 1933இல் பேராசிரியர் பதவி பறிக்கப்பட்ட ராட்புருக், 1946இல் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். சாதாரணமாக, குறையுள்ள சட்டமும் சட்டமே; அதன் அநீதி தாங்கொணாத அளவை எட்டினால் அது நீதிக்கு வழிவிட வேண்டும்; சமத்துவத்தை வேண்டுமென்றே மறுத்துப் பிறந்தது சட்டமே அன்று. தாங்கொணாதது எது என்று யார் தீர்ப்பது? அந்தச் சிக்கலை அவர் முழுதும் அவிழ்க்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். ஆனால், வாய்மூடிக் கீழ்ப்படிவதே கடமை என்னும் பேதைமையை உடைத்தார்.

1949இல் மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம், மனிதனின் மாண்பை முதற்பிரிவில் வைத்தது. அங்கு சொன்ன நெறியை எந்தத் திருத்தத்தாலும் தொட முடியாதென 79ஆம் பிரிவில் பூட்டும் போட்டது. "ஆணும் பெண்ணும் சம உரிமையர்" என்ற வரியோ எளிதில் வரவில்லை. எலிசபெத் செல்பெர்ட் எனும் வழக்கறிஞர் கொண்டுவந்ததை முதலில் தள்ளினர். நாடெங்குமிருந்து பெண்களின் கண்டனம் குவிந்த பின்னரே ஏற்றனர். வரி வந்தும் 1354ஆம் பிரிவு உடனே ஏட்டைவிட்டு அகலவில்லை. 1957இல் இயற்றிய சமத்துவச் சட்டம் அதை நீக்கிற்று. ஆனால், குழந்தை பற்றிய கருத்து வேற்றுமையில் தந்தை சொல்லே இறுதி என்றது! 1959இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதையும் செல்லாதென்றது. குடும்பக் கடமைக்கு இடையூறில்லாவிட்டால் மட்டுமே மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி, 1977 வரை உயிரோடிருந்தது.